நுழைய வழி உண்டு, வெளியேற?

மென்பொருளை வாங்கும் நாளில் எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள். விட வேண்டிய நாளில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. இந்திய நிறுவனங்கள் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிபட்டுக் கற்று வருகின்றன.

குஜராத் கடற்கரையில், ஜாம்நகர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வாடினார். அங்குள்ள நயாரா எனர்ஜியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைக் கையாளக் கூடியது. நாடு முழுக்க 6,000க்கும் மேற்பட்ட பெட்ரோல் பங்க்குகள் நயாராவின் பெயர்ப் பலகையைத் தாங்கி நிற்கின்றன. 2025 ஜூலை 22 அன்று இந்த நிறுவனத்தில் குழாய் எதுவும் வெடிக்கவில்லை, கொதிகலன் எதுவும் நின்றுபோகவில்லை. ஊழியர்களின் ஈமெயில் நின்றுபோனது. கூடவே அவர்கள் கூடிப் பேசப் பயன்படுத்திய டீம்ஸும் நின்றது.

காரணம் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, ஜூலை 18 அன்று, ஐரோப்பிய யூனியன் ரஷ்யாவுக்கு எதிராகப் புதிய தடைகளை அறிவித்தது. நயாராவில் ரஷ்ய அரசு நிறுவனமான ரோஸ்நெஃப்டுக்கு 49.13 சதவீதப் பங்கு உண்டு. தடைப் பட்டியலில் நயாராவின் பெயரும் ஏறியது. அதையொட்டி அமெரிக்க நிறுவனமான மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. தடை இந்தியா விதித்ததல்ல, அமெரிக்கா விதித்ததும் அல்ல. உரிமங்களுக்கு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது, எங்கள் சொந்தத் தகவல்களையே எங்களால் தொட முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. இடைக்காலத்தில் ரெடிஃப் நிறுவனத்தின் ஈமெயிலில் தஞ்சம் புகுந்தது. ஜூலை 30 அன்று சேவைகள் திரும்பக் கிடைத்தன.

ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாரம் நாட்டின் பல அலுவலகங்களில் ஒரு சங்கடமான கேள்வியைக் கிளப்பிவிட்டது. சக்கர வியூகத்துக்குள் நுழையும் வழி அபிமன்யுவுக்குத் தெரியும். வெளியேறும் வழி தெரியாது. கணக்கு, கடிதம், சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் என்று எல்லாவற்றையும் ஒரு மென்பொருளுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கும் நிறுவனங்களில் எத்தனைக்கு வெளியேறும் வழி தெரியும்?

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1970களில் நாட்டின் பெரிய கம்ப்யூட்டர்களில் கணிசமானவை ஐபிஎம் கொடுத்தவை. பெரும்பாலும் விற்பனை கிடையாது, வாடகைதான். எந்திரமும் அவர்களுடையது, அதைப் பழுது பார்க்கும் ரகசியமும் அவர்களுடையது. 1977ல் ஜனதா அரசு வந்தது. அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது. தொழில் அமைச்சர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் விட்டுக் கொடுக்கவில்லை, ஐபிஎம்மும் விட்டுக் கொடுக்கவில்லை. 1978ல் அது மூட்டை கட்டியது.

எந்திரங்கள் இங்கேயே கிடந்தன. அவற்றை இயக்க வேண்டுமே? அரசுக்குச் சொந்தமான கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற சிஎம்சி அந்தப் பொறுப்பை ஏற்றது. நூற்றுக்கணக்கான இடங்களில் இருந்த எந்திரங்களை அதன் எஞ்சினியர்கள் பழுது பார்த்து ஓட வைத்தார்கள். பல நிறுவனங்களின் எந்திரங்களோடு மல்லுக்கட்டியதில் அவர்களுக்குக் கிடைத்த அனுபவம் வேறு எங்கும் கிடைக்காதது. 1980களின் மத்தியில் ரயில்வே டிக்கெட் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றத் தீர்மானித்தபோது வேலை சிஎம்சியிடம் வந்தது. டெல்லியில் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் கவுன்டர்கள் திறந்தன.

ரயில்வே அத்தோடு நிற்கவில்லை. 1986ல் 'கிரிஸ்' என்ற தன் சொந்த மென்பொருள் அமைப்பை உருவாக்கியது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள் தனித்தனித் தீவுகளாக இயங்கிக்கொண்டிருந்தன. சென்னையில் நின்றுகொண்டு டெல்லியிலிருந்து புறப்படும் வண்டிக்கு டிக்கெட் வாங்குவது பெரும்பாடு. கிரிஸ் எழுதிய 'கான்சர்ட்' என்ற மென்பொருள் 1994ல் செகந்திராபாத்தில் முதலில் ஓடியது. 1999க்குள் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் என்ற இன்றைய வசதியின் அஸ்திவாரம் அதுதான். மென்பொருளின் சாவி ரயில்வேயின் கையில் இருந்ததால், பிற்பாடு அதன்மேல் இன்டர்நெட் டிக்கெட்டைக் கட்டுவதற்கு வெளியாரின் தயவை நாட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எல்லோரும் ரயில்வே ஆகிவிட முடியாது. நான்கு பேர் வேலை செய்யும் மொத்த வியாபாரக் கடை மென்பொருள் அமைப்பையா நடத்தும்? அங்கே தேர்வு எப்படி நடக்கிறது என்பதற்குச் சிறந்த உதாரணம் டேலி. பெங்களூரைச் சேர்ந்த ஷியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரத்துக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமல் திண்டாடினார். மகன் பரத் கோயங்கா தானே ஒன்றை எழுதினார். 1986ல் பிறந்த நிறுவனம் நாளடைவில் இந்தியச் சிறு வணிகத்தின் கணக்குப் பிள்ளையாகிவிட்டது. பத்திரிகை விளம்பரங்களில் "டேலி தெரிந்தவர்கள் தேவை" என்ற வரி சகஜமானது. தெருவுக்குத் தெரு அதற்குப் பயிற்சி வகுப்புகள் முளைத்தன.

இங்கே தேர்வு செய்பவர் முதலாளி அல்ல. வேலை தேடி வரும் பையனுக்கு எது தெரியுமோ, ஆடிட்டர் அலுவலகத்தில் எது இருக்கிறதோ, அதுதான் தேர்வு. அதில் தவறில்லை. கணக்கெழுதுபவர் திடீரென்று வேலையை விட்டால் மறுநாளே இன்னொருவர் கிடைப்பார் என்பது பெரிய நிம்மதி. மென்பொருளை அதன் குணத்தை வைத்து மட்டும் எடைபோடும் வல்லுநர்கள் இந்த நிம்மதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உள்ளூரில் பழுது பார்க்க ஆள் இருக்கும் மோட்டார் சைக்கிளைத்தானே கிராமத்தில் வாங்குகிறார்கள்.

அரசு அலுவலகங்களின் கதை வேறு. அங்கே ராஜா 'எல்-1', அதாவது மிகக் குறைந்த விலை கோரியவர். டெண்டரில் கேட்கப்பட்ட அம்சங்களைப் பூர்த்தி செய்தால் போதும், மீதியை விலை தீர்மானிக்கும். சிக்கல் ஐந்தாண்டு கழித்து வரும். ஒப்பந்தம் முடிந்திருக்கும். திட்டத்தைத் தொடங்கிய அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். சேர்த்த தகவல்கள் எந்த வடிவத்தில் இருக்கின்றன, அவற்றை வேறொரு மென்பொருளுக்கு எப்படி மாற்றுவது என்ற விவரம் பழைய நிறுவனத்துக்கு மட்டும் தெரிந்திருக்கும். முதல் டெண்டரில் மலிவாக நுழைந்தவர் இரண்டாவது டெண்டரில் சொல்வதே விலை.

இந்த வலியைத் தமிழும் இந்தியும் நன்றாகவே அறியும். 1980களிலும் 90களிலும் இந்திய மொழிகளுக்கு வந்த எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயின. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'க'வையும் 'ங'வையும் உட்கார வைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்த கடிதத்தை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குப்பை தெரியும். தமிழ்நாடு அரசு 1999ல் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தர நிர்ணயம் செய்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடை ஏற்று அரசாணை வந்தது. வட மாநிலங்களில் க்ருதி தேவ் என்ற பழைய எழுத்துரு யூனிகோட் வந்த பிறகும் பல ஆண்டுகள் அரசு அலுவலகங்களை விட்டுப் போகவில்லை. தட்டச்சு கற்றவர்களின் விரல்கள் அதற்குப் பழகியிருந்தன.

இரண்டு பத்தாண்டுகளில் அடிக்கப்பட்ட லட்சக்கணக்கான பக்கங்களுக்கு என்ன ஆனது? சில மாற்றப்பட்டன. பல அச்சிட்ட காகிதமாக மட்டும் மிஞ்சின. எழுத்துரு வாங்கும்போது யாரும் பெரிய தொகை கொடுக்கவில்லை. பலர் காசே கொடுக்கவில்லை. ஆனாலும் வெளியேறும் செலவு மலை போல இருந்தது. காரணம் விலை அல்ல, வடிவம். யாரும் படிக்கக் கூடிய பொது வடிவத்தில் தகவல் இல்லாவிட்டால், இலவசமாக வந்ததும் விலங்குதான்.

கேரளம் இதைப் பள்ளிக்கூடத்தில் எதிர்கொண்டது. 2001ல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியபோது எந்த மென்பொருளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது என்ற சர்ச்சை எழுந்தது. ஒரே நிறுவனத்தின் சரக்கை அரசே பாடமாக வைப்பதா என்று ஆசிரியர் அமைப்புகள் கொதித்தன. அடுத்த சில ஆண்டுகளில் மாநிலம் லினக்ஸ் பக்கம் திரும்பியது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், யாரும் திருத்தலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம் என்ற வகை மென்பொருள் அது. 2017ல் இந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2019ல் 2 லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய பதிப்பை வெளியிட்டபோது, உரிமக் கட்டணமாகப் போயிருக்கக் கூடிய ரூ. 3,000 கோடி மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது.

இந்தப் பெரிய தொகை தலைப்புச் செய்தியானது. ஆனால் கேரளத்தின் வெற்றி மிச்சத்தில் இல்லை, செலவில் இருக்கிறது. அது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் செலவு செய்தது. ஆசிரியர்களிலிருந்தே பயிற்சியாளர்களை உருவாக்கியது. மலையாளத்துக்கும் பாடத் திட்டத்துக்கும் ஏற்ப மென்பொருளைத் தானே மாற்றிக்கொண்டது. பழுது பார்க்கவும் தன் ஆட்களையே பழக்கியது. இந்தச் செலவைச் செய்யாமல் குறுந்தகட்டை மட்டும் கொடுத்து "இனி லினக்ஸ்" என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தால், கம்ப்யூட்டர்கள் துணி போர்த்தி மூலையில் நின்றிருக்கும்.

மென்பொருளை வாங்குபவர்கள்தான் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்றில்லை. எழுதுபவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற உதாரணம் லினக்ஸேதான். ஆயிரக்கணக்கானோர் அனுப்பும் திருத்தங்களை வரிசைப்படுத்த அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2002ல் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார். வேலைக்கு அதுவே சிறந்தது என்பது அவர் வாதம். இலவசம்தான், ஆனால் நிபந்தனை உண்டு: அதைப் பயன்படுத்துபவர்கள் போட்டி மென்பொருள் எதையும் எழுதக் கூடாது. இது சரிப்படாது என்று பலர் எச்சரித்தார்கள். 2005ல் தகராறு முற்றியது. வெளியிலிருந்த ஒருவர் பிட்கீப்பரோடு பேசக் கூடிய தனி நிரலை எழுத முயல்கிறார் என்று சொல்லி நிறுவனம் இலவசப் பதிப்பை நிறுத்தியது.

மூன்று ஆண்டு உழைப்பின் வரலாறு முழுவதும் அதற்குள் இருந்தது. டோர்வால்ட்ஸ் வேறு கருவி தேடினார், பிடிக்கவில்லை. ஏப்ரல் 3 அன்று தானே எழுத உட்கார்ந்தார். சில நாட்களில் 'கிட்' பிறந்தது. ஜூனில் லினக்ஸின் புதிய பதிப்பு கிட்டின் துணையோடு வெளிவந்தது. இன்று பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் மென்பொருள் எழுதும் எவரும் அதைத் தொடாமல் ஒரு நாளைக் கழிப்பது அபூர்வம். 2017ல் மைக்ரோசாஃப்டே விண்டோஸின் நிரலைக் கிட்டுக்கு மாற்றியது.

பட்ட அடி கிட்டின் அமைப்பிலேயே தெரிகிறது. அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழு வரலாற்றின் நகலும் இருக்கும். கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியங்களில் கோடிக்கணக்கான திட்டங்கள் வைக்கப்பட்டுள்ளன. 2018ல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு கிட்ஹப்பை வாங்கியபோது பலர் கலங்கினார்கள். ஆனால் போக நினைத்தவர்கள் தங்கள் நிரலை அப்படியே எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடிந்தது. கதவு திறந்திருக்கும் வீட்டில் தங்குவதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

எல்லாக் கதவுகளும் அப்படித் திறந்தே இருப்பதில்லை. ஒரே சர்வரைப் பல சர்வர்களாகப் பிரித்தாள உதவும் விஎம்வேர் உலகெங்கும் வங்கிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஓடுகிறது. 2023 நவம்பரில் அதை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே ஒரு முறை பணம் கட்டி என்றென்றும் வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தாதான். திறந்த மூலநிரல் உலகிலும் கதை மாறலாம். சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் 2023 ஆகஸ்டில் தன் உரிம நிபந்தனைகளை இறுக்கியது. பழைய நிபந்தனையில் வெளியான நிரலை எடுத்து, ஓப்பன் டோஃபு என்ற பெயரில் பயனாளர்களே தனிக்குடித்தனம் போனார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கவனிக்கத் தக்கது. முதல் கூட்டத்துக்குப் பேரம் பேசுவதைத் தவிர வழியில்லை. இரண்டாவது கூட்டத்திடம் சாவியின் நகல் இருந்தது.

வாங்கும்போதே வெளியேறும் வழியை வகுத்துக்கொண்ட இந்திய அமைப்புகளும் உண்டு. ஆதார் அதில் ஒன்று. கோடிக்கணக்கானோரின் விரல் ரேகையையும் கருவிழியையும் ஒப்பிட்டு, ஒரே ஆள் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டும். உலகில் யாரும் அந்த அளவில் செய்திராத வேலை. ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தால் பிறகு அது வைத்ததே சட்டம். எனவே 2010ல் ஆதார் ஆணையம் மூன்று குழுமங்களை ஒரே சமயத்தில் அமர்த்தியது. யாருடைய மென்பொருள் வேகமாகவும் பிசகில்லாமலும் வேலை செய்கிறதோ அவருக்கு அதிக வேலை, அதிக வருமானம். 2016 ஏப்ரலில் ஆதார் எண்கள் 100 கோடியைத் தொட்டபோது, ஆணையத்தைப் பற்றி வேறு பல விமர்சனங்கள் இருந்தன. ஆனால் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பிடியில் சிக்கிவிட்டது என்ற விமர்சனத்துக்கு அந்த ஏற்பாடு இடம் வைக்கவில்லை.

விதிகளும் மெல்ல இந்தத் திசையில் நகர்ந்தன. அரசுத் தகவல்கள் யாரும் படிக்கக் கூடிய பொது வடிவங்களில் இருக்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2010ல் வெளியிட்டது. டெண்டரில் திறந்த மூலநிரல் மென்பொருளையும் பரிசீலிக்க வேண்டும், ஒதுக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்ற கொள்கை 2015ல் வந்தது. ஏட்டிலிருக்கும் விதி அலுவலக மேஜைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

2025ல் காற்று சுதேசிப் பக்கம் வீசியது. அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தான் ஸோஹோ மென்பொருளுக்கு மாறுவதாக அறிவித்தார். அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷாவும் தன் ஈமெயிலை அங்கே மாற்றினார். சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் ஈமெயில், ஸ்ரீதர் வேம்பு தொடங்கிய இந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாறியிருப்பதாகச் செய்திகள் வந்தன. நயாராவுக்கு நடந்தது அரசுக்கு நடக்கக் கூடாது என்ற கவலை நியாயமானதே. இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனத்தை ஐரோப்பிய உத்தரவால் ஒரே நாளில் நிறுத்த வைப்பது எளிதல்ல.

ஆனால் பூட்டு உள்நாட்டில் செய்தது என்பதால் மட்டும் சாவி நம் கைக்கு வந்துவிடாது. அரசைக் காப்பாற்றக் கூடியது நிறுவனத்தின் ஊர் அல்ல, வேறொரு எளிய விஷயம்: அந்த ஈமெயில்களின் முகவரி இன்னமும் அரசின் பெயரிலேயே இருக்கிறது. நாளை தளத்தை மாற்றினாலும் ஊழியரின் முகவரி மாறாது. இதே கேள்வியை ஒவ்வொரு மென்பொருளிடமும் கேட்டால், அது சென்னையில் எழுதப்பட்டதா சியாட்டிலில் எழுதப்பட்டதா என்பது இரண்டாம் பட்சமாகிவிடும்.

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான திருத்தம் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அங்கே சதி இல்லை, தடை இல்லை. ஒரே மருந்தை எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள்.

நடுத்தர நிறுவனங்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா பெரும்பாலும் திறந்த மூலநிரல் மென்பொருளை வைத்தே தன்னைக் கட்டிக்கொண்டது. நிர்வாகக் கணக்குகளுக்கு மும்பையில் பிறந்த இஆர்பிநெக்ஸ்ட்டைப் பயன்படுத்துகிறது. 2024ல் இத்தகைய மென்பொருளை எழுதுபவர்களுக்காக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதியை அறிவித்தது. இது தர்மம் அல்ல. இலவசமாகக் கிடைக்கும் கிணற்றில் தண்ணீர் இறைப்பவர்கள் யாராவது தூர் வாரவும் வேண்டுமே.

அவ்வளவு வசதி இல்லாத கடைக்காரரும் பள்ளி நிர்வாகியும் கேட்க வேண்டிய கேள்விகள் சிலதான். என் தகவல் முழுவதையும் நானே வெளியே எடுக்க முடியுமா? எடுத்ததை வேறொரு மென்பொருள் படிக்குமா? வெப்சைட்டும் ஈமெயில் முகவரியும் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன, எனதா, அமைத்துக் கொடுத்தவருடையதா? முக்கியமான பாஸ்வேர்ட் எங்கள் அலுவலகத்தில் யாரிடம் இருக்கிறது? சந்தா கட்டத் தவறினால் பழைய கணக்கையாவது பார்க்க முடியுமா? வருடத்துக்கு ஒரு முறை எடுத்து வைத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பது நல்லது. திறக்காத நகல் நகலே அல்ல. விற்க வருபவரிடம் இவற்றைக் கேட்க ஒரே ஒரு நாள்தான் உண்டு. அது காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள். அதன் பிறகு பதில் சொல்ல அவருக்கு அவசரம் இருக்காது.

வாடினார் ஆலைக்குப் பண பலம் உண்டு, டெல்லியில் வழக்கறிஞர்கள் உண்டு, நாட்டின் எரிபொருளைச் சுமக்கும் முக்கியத்துவமும் உண்டு. அத்தனையும் இருந்தும் சொந்தக் கடிதங்களைப் படிக்க அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. இவை எதுவும் இல்லாத ஒரு நிறுவனத்தில் நாளைக் காலை திரை இருண்டால் எத்தனை நாள் ஆகும் என்பதை, திரை ஒளிரும்போதே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.